அத்தா அனுப்பிய பென்குயின்

டேப் ரிக்கார்டருக்குள் என் புருஷன் கால் மணி நேரமாக ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சிகாபுதீன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவருக்குத் தமிழில்தான் எழுத வரும். மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். ஒருவர் கடிதத்தைப் படிக்க இன்னொருவர் ஆள் தேட வேண்டியிருந்ததால், எண்பதாம் வருஷத்திலிருந்தே எங்கள் குடித்தனம் கேசட்டில் நடந்தது. இந்த முறை கேசட்டோடு ஒரு பட அட்டையும் வந்திருந்தது. அலையிலிருந்து ஏறி வருகிற குட்டைப் பறவைகள், இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு. பென்குயின் என்று பெயராம்.

கப்பல் மெல்பர்னில் நின்றபோது மாலுமிகளை பஸ்ஸில் ஒரு தீவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே மரக்கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிற கோலா என்ற பிராணியைப் பார்த்தாராம். பார்த்ததும் என் ஞாபகம் வந்ததாம். நான் ஒழுங்காகத் தூங்கி மூன்று மாதம் ஆகிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பொழுது சாய்ந்ததும் பென்குயின்கள் கூட்டமாகக் கரையேறுமாம். ஒரு முழ உயரம்தானாம். மேட்டில் எங்கே பார்த்தாலும் வளைகள். இருட்டில் தன் குஞ்சைக் கண்டுபிடிக்கக் குரல்தான் வழியாம். தகப்பன் கூப்பிட, வளைக்குள்ளிருந்து குஞ்சு பதில் கொடுக்குமாம்.

“மைமூன் மோளே, மறுபக்கத்துல அதோட சத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன். அது முடிஞ்ச இடத்துல நீ அதே மாதிரி அத்தாவுக்குக் கத்திக் காட்டணும், கேட்டியா?”

எங்கள் ஆறு வயது மகள் மைமூன் என் பக்கத்தில் உட்கார்ந்து கேசட்டின் சக்கரங்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல் அவளை உயிரோடு விட்டுவிட்டு இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த முதல் வாரம், நாங்கள் உதட்டை மட்டும் அசைத்துக் கேலி செய்கிறோம் என்று நினைத்து எல்லோரோடும் சண்டை போட்டாள். பிறகு சண்டையை நிறுத்தினாள். பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

இது எதுவும் அவருக்குத் தெரியாது. சாவானாலும் நோவானாலும் கடலில் இருப்பவனுக்குச் சொல்லக்கூடாது என்பது கப்பல்காரர் வீடுகளின் வழக்கம். ஒப்பந்தம் முடியாமல் இறங்க முடியாதவன் அதைக் கேட்டு என்ன செய்வான்? காய்ச்சலுக்குப் பிறகு அனுப்பிய முதல் கேசட்டில் மைமூன் தூங்குகிறாள் என்றேன். அடுத்ததில் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்றேன். இந்த முறை சொல்ல என்னிடம் பொய் மிச்சமில்லை.

அவருடைய அண்ணன் மொய்து மச்சான் யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகுக் கிடங்கில் வேலை பார்ப்பவர். எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி வைத்திருப்பார். மறுநாள் மதியம் தன் மகள் ரசியாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளுக்கும் அதே வயதுதான். பறவைப் பக்கத்தை இரண்டு தரம் போட்டுக் காட்டினார். கதவு கிறீச்சிடுவதும் கழுதை கத்துவதும் கலந்த மாதிரி ஒரு சத்தம். ரசியா கெட்டிக்காரி. கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு ஆடி ஆடி நடந்து, வாயை அகலத் திறந்து, அச்சு அசலாகக் கத்தினாள். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. சுவரோரம் நின்ற மைமூன், ரசியாவின் வாயையும் எங்கள் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆமாம், நானும் சிரித்துவிட்டேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மச்சான் பதிவுப் பொத்தானில் விரலை வைத்தார்.

“வேண்டாம் மச்சான். பெத்த ஆளுக்கு மோளோட சத்தம் தெரியாதா?”

“அப்ப உள்ளதைப் பறஞ்சிரு. கேட்டுட்டு நடுக்கடல்ல அவன் என்ன செய்யணும்னும் நீயே பறஞ்சு கொடு.”

காலையில் துறைமுகத்தில் ஏஜெண்டிடம் கேசட்டைக் கொடுத்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பறவைகள் முடிகிற இடம் வரை ஓடவிட்டு, பதிவுக்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினேன். ஸலாம் சொன்னேன். மைமூன் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

மைமூன் பட அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே ஒருமுறை காட்டினாள். பிறகு எழுந்து, கைகளை விலக்கி வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் ஆடி ஆடி நடந்தாள். சுவர் வரை போய்த் திரும்பி நின்றாள். ரசியா திறந்த மாதிரியே வாயை அகலத் திறந்தாள். சத்தம் எதுவும் இல்லை. திறப்பதுதான் விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். திறந்த வாயோடு, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள்.

சிரித்தேன். அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. மறுபடியும் சுவரை நோக்கி நடந்தாள். பட், பட்டென்று அந்தக் கால்களின் சத்தம் மட்டும் கேசட்டில் விழுந்துகொண்டிருந்தது.