அறுபதடிக்கு ஒரு சாண்

1

இந்தக் கதைக்கு முன்னால் நான் ஒரு மனு எழுதினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாதிக் கதையில் தெரிந்துகொண்டு என்னைத் திட்டுவதைவிட, இப்போதே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. இருபத்திரண்டு வீடுகள். நடுவில் ஒரு புல் திடல். நூறடி நீளம், அறுபதடி அகலம். அதைப் பார்த்துக்கொள்பவள் துர்கா. தென்னேரிப் பக்கத்துக்காரி, முப்பத்தாறு வயது. புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் இறங்கினால் வெட்டி முடிக்க மூன்று நாள் ஆகும். திடல் அவ்வளவு மேடு பள்ளம். மேட்டில் தகடு மண்ணைச் சுரண்டும், பள்ளத்தில் புல்லைத் தொடாமலே போகும். வெட்டி முடித்த திடலைப் பார்த்தால், பாதிச் சவரத்தில் எழுந்து ஓடியவன் முகம் மாதிரி இருக்கும். சென்ற ஆவணியில், மேட்டுக்குள் கிடந்த ஒரு ஜல்லிக்கல் தகட்டில் பட்டுத் தெறித்து, சங்கச் செயலாளர் கலைவாணனின் கார்க் கண்ணாடியை உடைத்தது.

மறுநாளே அவர் என் வீட்டுக்கு வந்தார். "சார், தாலுக்கா ஆபீஸ்ல முப்பது வருஷம் எழுதுன கை உங்களுது. நீங்க எழுதிட்டா யாரும் மறுபேச்சு பேச முடியாது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். 'மேற்படி திடலானது' என்று ஆரம்பித்து, புல்லை அகற்றிவிட்டு முழுக்க சிமென்ட் கல் பதிக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

என் மனைவி காவேரி நகலை எடுத்துப் படித்தாள். "கல்லு பதிச்சிட்டா அங்க அவளுக்கு என்னா வேலை இருக்குது? அந்தப் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

"விடிந்தும் விடியாத அந்தப் பொழுதில், பனி சுமந்த புல்நுனிகளை துர்கா தன் விரல்களால்

(நிறுத்திவிட்டேன். துர்கா வேலைக்கு வருவது ஒன்பதரை மணிக்கு. ஷேர் ஆட்டோ நிரம்பாவிட்டால் பத்து.)

"திடலின் நடுவே ஓடிய அந்த மேடு, ஒரு காலத்தில் அவள் தகப்பனாரின் வரப்பாக இருந்தது."

இது எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. வாசகர் கண் கலங்குவார் என்று கணக்குப் போட்டேன். எதற்கும் கேட்டுவிடுவோமே என்று துர்காவிடம் கேட்டேன். "அது யாரு கழனியோ சார், எனக்கு இன்னா தெரியும்? எங்க கழனி அங்க ஏரிக்கரை ஓரமா இருக்குது. எங்கண்ணன் இப்பவும் பயிர் வைக்குது" என்று சிரித்துவிட்டுப் போனாள். என் கண்ணீர் வீணாகிவிட்டது.

மூன்றாவது தொடக்கம் கீழே இருப்பது. அலங்காரம் கிடையாது.

3

கல் பதிக்கப் போகிறார்கள் என்று காவலாளி சொல்லித்தான் துர்காவுக்குத் தெரிந்தது. அவள் நேராகக் கலைவாணன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்தத் திடல்மேல் அவளுக்கு ஆசை இருந்தது. இதற்கு முன் நான்கு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் நின்று வேலை பார்த்தவள். வெளியே மழையா வெயிலா என்று அங்கே தெரியாதாம். மறுபடி அங்கே போக அவளுக்குப் பயமாக இருந்தது.

"மேடு பள்ளமா இருக்கறதாலதான சார் இவ்ளோ ரோதனை? நான் சமம் பண்ணிக் குடுத்துடறேன். அப்புறம் தள்ளிக்கினு போற மிஷினு போதும். அரை நாள்ல வெட்டிடுவேன். கல்லும் தெறிக்காது."

"அதுக்கு ஜேசிபி வைக்கணும்மா."

"எதுக்கு சார் ஜேசிபி? எங்கூட்டுக் கழனிக்கு நாந்தான் பரம்படிப்பேன்."

(பரம்பு என்பது நடவுக்கு முன்னால் சேற்றைச் சமன்படுத்த இழுக்கிற பலகை. இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். கீழே போய்ப் படித்துவிட்டு மேலே வர உங்களுக்கு எதற்குச் சிரமம்?)

"ஐப்பசி முதல் ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம், மனு அங்கதான் முடிவாகும். அதுவரைக்கும் டைம்" என்றார் கலைவாணன். அவர் கெட்டவர் இல்லை. முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

மூன்று வாரம். புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து ஓரமாக நிழலில் அடுக்கினாள். மேட்டைக் கொத்தி, கல் பொறுக்கி, பள்ளத்தில் நிரப்பினாள். தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கி, ஒரு பழைய கதவில் கயிறு கட்டி இழுத்தாள். மண் இறுகியதும் பத்தைகளைத் திரும்பப் பதித்தாள். அருகம்புல், நான்கே நாளில் வேர் பிடித்துக்கொண்டது.

காவேரி பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். லேசில் எதையும் பாராட்ட மாட்டாள். மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "தறியில பாவு இழுத்துக் கட்டினாப்பல இருக்குதே!" என்றாள். கலைவாணன் ஒரு பந்தை நடுவில் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கமும் உருளவில்லை. துர்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தள்ளும் இயந்திரத்தை இரவல் வாங்கி, பதினொரு மணிக்கு ஆரம்பித்து, இரண்டரைக்கு வெட்டி முடித்துவிட்டாள்.

(இங்கேயே முடித்திருந்தால் சுபம். ஆனால் கூட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது.)

4

மழை பெய்தது. இரண்டு நாள்.

மூன்றாம் நாள் காலை திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? கழனியைச் சமன்படுத்துவது தண்ணீர் நிற்பதற்காக. துர்காவின் கைக்குத் தெரிந்தது அந்தச் சமம்தான். அதைவிடக் கூத்து, நான்கு பக்கமும் அரை முழ உயரத்துக்கு அழகாக வரப்பு வேறு அணைத்திருந்தாள். எப்போது போட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

நான்கு கொக்குகள் வந்து இறங்கின. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, 'நடவு எப்போ?' என்று யாரோ கேட்க, சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். (அழித்துவிட்டேன். ஆனால் பார்த்துவிட்டார்கள்.)

துர்கா மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் அழுதாள். முந்தைய வரைவுகளில் இதை விட்டுவிட்டு, 'அவள் மௌனமாக வானத்தைப் பார்த்தாள்' என்று எழுதியிருந்தேன். பொய். வாய்விட்டு அழுதாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணிய நிறுத்தத்தான் சார் எங்களுக்குத் தெரியும். அனுப்ப யாரு கத்துக்கினோம்?"

5

அன்று மாலை கலைவாணனிடம் போய், மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"உங்க ஒரு கையெழுத்தா சார் அது? எல்லாரும் போட்டிருக்காங்க. அவ்ளோ நல்லா எழுதிட்டு இப்ப வந்து வேணாம்னா?"

நான் எழுதியதிலேயே இவ்வளவு பேரை நம்பவைத்தது அது ஒன்றுதான்.

6

இப்போது லில்லி வருகிறார். வசதியான நேரத்தில் வருகிறாரே என்று சந்தேகப்படாதீர்கள். அவர் தினமும் துர்காவோடு அதே ஷேர் ஆட்டோவில் வருகிறவர்தான். அதே ஊர், காலனித் தெரு. பன்னிரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்தவர். மறுநாள் காலை ஆட்டோவில் துர்கா உம்மென்று இருக்கவே, என்னவென்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு நடுவழியில் இறங்காமல் கூடவே வந்துவிட்டார்.

(துர்கா அவரை அக்கா என்கிறாள். துர்காவின் வீட்டார் லில்லியின் அம்மாவை, வயசானவர் என்றும் பாராமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். இதைப் பற்றி இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் அதற்குள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள்.)

தண்ணீர் நிற்கும் திடலைப் பார்த்து லில்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னாடி இது, கழனி பண்ணிக்கினு நிக்கிற! மொட்டமாடின்னு நெனச்சுக்க. தளம் போடறப்போ வாட்டம் குடுக்க மாட்டாங்க? அறுபதடிக்கு ஒரு சாண் எறக்கிடு. கண்ணுக்குத் தெரியாது, மிஷினுக்கும் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்."

வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். மறுபடி பத்தைகளைப் பெயர்த்தார்கள். கட்டட வேலையில் மட்டம் பார்க்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, லில்லி ஒரு முனையைப் பிடிக்க, துர்கா மறுமுனையைப் பிடித்தாள். மேற்கிலிருந்து கிழக்கே, மழைநீர்க் கால்வாய்ப் பக்கமாகச் சரிவு. பட்ட பாடு கொஞ்சமில்லை. துர்காவின் கை பழக்க தோஷத்தில் சமத்துக்கே போனது. "மறுபடியும் மட்டம் பண்ணிட்டியா! கைய ஒடச்சிடுவேன்" என்று லில்லி கத்துவது என் அறைக்குக் கேட்கும். "தானா போவுதுக்கா, நான் இன்னா பண்றது?" என்று துர்கா அதைவிடச் சத்தமாகக் கத்துவாள். சனிக்கிழமை மாலை கடைசிப் பத்தையைப் பதித்தார்கள்.

அந்த மழைக்குப் பிறகு ஒரு தூறல்கூட இல்லை.

7

ஞாயிறு மாலை ஐந்து மணி. திடலின் கிழக்கோரம், கால்வாயை ஒட்டி நாற்காலி போட்டுக் கூட்டம். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கலைவாணன் மனுவைப் படித்தார். என் வாக்கியங்களைக் கேட்கக் கேட்க எனக்குக் காது கூசியது. "வாட்டம் குடுத்திருக்காங்களாம். மழை வந்தாத்தான தெரியும்? ஒருதடவை பார்த்தாச்சு. கை தூக்கிடலாமா?" என்றார்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. திடீரென்று இடி இடித்து மழை கொட்டுகிறது. (வானத்தைத்தான் சொன்னேனே.)

ஆ. எல்லாரும் கை தூக்குகிறார்கள். துர்கா பழைய கம்பெனி வேனில் ஏறுகிறாள். (சோகமாக முடித்தால் மதிப்பு அதிகம் என்று ஒரு எண்ணம் எழுதுகிறவர்களுக்கு உண்டு. எனக்கும் உண்டு.)

இ. நான் எழுந்து உணர்ச்சி பொங்கப் பேசுகிறேன். எல்லாரும் கைதட்ட (வெட்கமாக இருக்கிறது. முதலில் எழுதியது இதைத்தான்.)

உண்மையில் நான் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தவள் துர்கா. "மழைக்கு எதுக்கு சார் காத்துக்கினு இருக்கணும்?" என்று சொல்லிவிட்டு, யார் அனுமதியும் கேட்காமல் மோட்டார் ரூமுக்குள் போனாள். போர் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பெரிய குழாயை இழுத்துவந்து மேற்கு ஓரத்தில் போட்டாள்.

தண்ணீர் புல்லுக்குள் புகுந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு புல்நுனிகள் அசைந்த இடத்தை வைத்து அது எங்கே வருகிறது என்று தெரிந்தது. கை தூக்க இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். திடலின் நடுப்பகுதிக்கு வந்ததும் தண்ணீர் வேகம் குறைந்தது. சென்ற வாரம் கொக்கு நின்ற இடம். துர்கா குழாயை விட்டுவிட்டுத் தண்ணீர் போகிற பக்கமே நடக்க ஆரம்பித்தாள். லில்லி கால்வாய் விளிம்பில் குந்தி, உள்ளங்கையைப் புல்லோடு புல்லாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இங்கே நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். ஒருமுறை எழுதி இவளுக்குச் செய்தது போதும். முடிவை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்; என் பக்கத்து நாற்காலி காலிதான், வந்து உட்காருங்கள். எனக்கு இங்கிருந்து கேட்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன். துர்கா தண்ணீரோடு தண்ணீராக நடந்து வந்துகொண்டே, கலைவாணனைப் பார்த்துக் கையை ஆட்டிச் சொன்னாள்:

"சார், செருப்பக் கழட்டிட்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தண்ணி வருது."