ஐஸ் பார் மேல் ஒரு ஜீப்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சரில் கிடைத்தது.

குடவாசல் போயிருந்தபோது ஸ்கூட்டரின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரப் பெண் போனில் கத்திக்கொண்டிருந்தார். "அங்க பனி தூளா கெடக்கா, இல்ல எறுகி ஐஸாக் கெடக்கா? ரெண்டும் வேற வேறங்க. பாத்துச் சொல்லுங்க."

வெளியே ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நட்டு இருபது நாளான சம்பா, தண்ணீருக்குமேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இந்த ஊரில் நின்றுகொண்டு ஒருவர் ஏன் ஐஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? கேட்க வாயெடுப்பதற்குள் பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. "எடுத்துக்குங்க சார்" என்றார். எடுத்துக்கொண்டேன், அந்த வாக்கியத்தையும் சேர்த்து.

ஆக, அந்த ஒரு வாக்கியம் நிஜம். மற்றதெல்லாம் நான் கட்டியது. பிறகு யாரும் குடவாசலுக்குப் போய் அந்த அம்மாவைத் தொந்தரவு பண்ணக்கூடாது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

'வானிலிருந்து வெண்ணிற மலர்கள் உதிர்வதுபோல் பனி பெய்துகொண்டிருந்தது. ஜீப்...'

(அடித்துவிட்டேன். நான் பனி பெய்து பார்த்ததே இல்லை. எனக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போவது. மலர் உதிர்ந்தது என்று நான் எழுதினால் அது யாரோ எழுதினதைப் பார்த்து எழுதினதுதான்.)

'டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல. அது மனித வாழ்க்கையின்...'

(சீ.)

மூன்றாவதை மாலதியிடம் படித்துக் காட்டினேன். மாலதி என் மனைவி. என் கதைகளுக்கு முதல் வாசகி, பல சமயம் கடைசி வாசகியும் அவள்தான். கேட்டுவிட்டு, "யாருக்கு என்ன கஷ்டம்னு மொதல்ல சொல்லுங்க. டயரு அப்புறம் வரட்டும்" என்றாள்.

சொல்கிறேன்.

3

எல்சிக்கு நாற்பத்தொரு வயது. கடை அவளுடையது. டிராக்டர், அறுவடை மிஷின், வயலுக்குள் இறங்கும் ஜீப் என்று களிமண்ணில் ஓடுகிற எதற்கும் டயர் கேட்டு நன்னிலத்திலிருந்துகூட அவளிடம் வருவார்கள். வண்டியைப் பார்ப்பாள், எந்த ஊர் வயல் என்று கேட்பாள், கையை நீட்டி ஒரு டயரைக் காட்டுவாள். அப்பீலே கிடையாது.

அவள் புருஷன் கிளமென்ட், அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். போன ஏப்ரலில் சர்ச் சபை வழியாக ஒரு வேலை வந்தது. இமாசலத்தில் ஒரு மலையூர். அங்கே பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி. அதற்கு ஒரு ஜீப் டிரைவர் வேண்டும். பிரசவம் சிக்கலானால் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கிளமென்ட் போய்விட்டான்.

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம். கடை இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள், இவன் எதற்குப் போனான்? எல்சியோடு சண்டை என்று எழுதினேன். அந்த மூஞ்சிக்குச் சண்டை பொருந்தவில்லை. துறவு மனப்பான்மை என்று எழுதினேன். மீன்குழம்புக்கு அப்படி அலைகிறவனுக்குத் துறவாவது! கடைசியில் அவனையே பேச விட்டேன். "நெல்லை நாளைக்கு அறுத்தாலும் நெல்லுதான் சார். அங்க வண்டி இன்னிக்கே போவணும்" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

எல்சி மட்டும் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவான். அன்றைக்கு வந்தபோது முகம் சரியில்லை.

"என்னாச்சு? ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. வண்டி லேசா சறுக்கிடுச்சு."

"லேசான்னா எவ்வளவு?"

"லேசாதான்."

"பின்னாடி யாரு இருந்தா?"

"ஒரு புள்ளத்தாச்சி. வளைவுல பிரேக்கை மிதிச்சேன், வண்டி பாட்டுக்குப் போவுது. ஓரத்துக்கு ஒரு மொழம் இருக்கச்ச நின்னுச்சு."

எல்சி அவனைத் திட்டினாள். அவன் திட்டு முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு செட் புது டயர் வாங்கச் சொல்லிவிட்டார். கீழ்ப்பாதி ரோடு கூழாங்கல்லும் ஓடையும், அதனால் வெறும் பனி டயர் போட்டால் கிழிந்துவிடும். மேல்பாதி பனி, அதற்கும் மேலே ஐஸ். மூன்றுக்கும் ஒரே டயர் வேண்டும். இந்த வாரக் கடைசிக்குள் லாரி ஏறாவிட்டால் அப்புறம் அந்த ரோட்டில் ஜீப் மட்டும்தான் ஊர்ந்து போகும், லாரி வராது, மார்ச் வரைக்கும் பழைய டயர்தான்.

"எதுன்னு நீ சொல்லு. வேற யாரு சொன்னாலும் எனக்குப் பிரேக்குல கால் நம்பி வராது."

எல்சி யோசிக்கவே இல்லை. கையை நீட்டிவிட்டாள். பெரிய பெரிய கட்டையாகப் பல், நடுவே அகலமான சந்து, ஒரு சுற்று சுற்றினால் சேற்றை எட்ட உதறிவிடும். டெல்டாவின் எந்தச் சேற்றிலும் தோற்காத டயர். வழுக்கல் என்றால் அவளுக்கு ஒரே மருந்துதான்.

4

முதல் வரைவில் அந்த டயர் மலைக்குப் போய்ச் சேர்ந்தது. கிளமென்ட் செத்துப்போனான்.

மாலதி படித்துவிட்டு, "அவன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினான்?" என்றாள்.

"கதைக்கு ஒரு கனம் வேண்டாமா?"

"கனம் வேணும்னா அம்மிக்கல்லைத் தூக்கிக் கதையில வைங்க. அந்தப் பொண்ணு கையால டயரு கொடுத்து அவனைக் கொல்றதா? அதுக்கப்புறம் அவ எப்படிக் கடையைத் திறப்பா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பேப்பரைக் கிழித்தேன்.*

(* கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். கிழித்தேன் என்றால் ஒரு திருப்தி.)

ஆகவே மறுபடியும் அந்த வீடியோ கால். எல்சி டயரைக் கட்டி பார்சல் சீட்டுகூட எழுதிவிட்டாள். அப்போது கிளமென்ட் ஒன்று சொன்னான்.

"எல்சி, இது நம்ம சேறு மாதிரி இல்ல. சேறு நம்மள உள்ள இழுக்கும். இது தள்ளிவிடுது."

எல்சி பேனாவைக் கீழே வைத்தாள். இழுக்கிறதை உதறத்தான் அவளுக்குத் தெரியும். தள்ளிவிடுகிறதை என்ன செய்வது? இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு டயரைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. அப்போதுதான் அவள் எழுந்து வாசலுக்கு வந்து, பஞ்சரான ஸ்கூட்டரோடு நின்ற ஒரு ஆளைக் கவனிக்காமல், போனில் அப்படிக் கத்தினாள். "ரெண்டும்தான், வளைவுக்கு வளைவு மாறுது" என்றான் அவன்.

5

குடவாசல்காரிக்கு ஐஸ் வேண்டுமென்றால் எங்கே போவாள்? நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. தரங்கம்பாடியில் ஃபாஜிலின் ஐஸ் கம்பெனி இருக்கிறது. படகுகளுக்கு மீன் வைக்க நீளப் பாளமாக, பார் பாராக ஐஸ் போடுகிற இடம். அவன் லாரிக்கு இவள்தான் டயர் கொடுக்கிறாள். புயல் எச்சரிக்கையில் படகெல்லாம் கரையேறிக் கிடந்தன, ஐஸ் வாங்க ஆளில்லை.

"அக்கா, ஐஸ் பார் மேல ஜீப்பா? வெளையாடுறீங்களா?"

"ஒரு பார் எவ்வளவு நீளம்?"

"நாலடி."

"பன்னெண்டு பன்னெண்டா ரெண்டு வரிசை போடு. ரெண்டு பக்கச் சக்கரமும் ஏறணும்."

கடைக்கென்று அவள் வைத்திருந்த பழைய ஜீப்புக்கும் ஆஸ்பத்திரி ஜீப்புக்கும் ஒரே அளவுச் சக்கரம். மூன்று செட் கொண்டுவந்திருந்தாள். ஒன்று அவளுடைய சேற்று டயர். இரண்டாவது, கல்லும் மண்ணும் தாரும் எல்லாவற்றிலும் ஓடும் என்று சொல்லி விற்கிற டயர். மூன்றாவதும் அதே ஜாதிதான், ஆனால் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் அச்சிட்டிருந்தது. பனியில் ஓட்டிப் பார்த்துத் தேறினதற்கு அடையாளமாம். அதன் ஒவ்வொரு பல்லிலும் பிளேடால் கீறினதுபோல் மெல்லிய வெட்டுகள். கடையில் யாராவது இதைக் கேட்டிருந்தால், "சேறு அடைச்சுக்கும், வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியிருப்பாள்.

காலையிலேயே மூன்றையும் ஐஸ் அடுக்கும் அறையில் போட்டுவைத்தாள். மத்தியானம் எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். சேற்று டயர் குளிரில் விறகாகிக் கிடந்தது. மூன்றாவதில் மட்டும் நகம் இறங்கியது.

முதலில் சேற்று டயர். எல்சியே ஓட்டினாள். சைக்கிள் வேகம்தான். முன்சக்கரம் முதல் பாரைத் தொட்டதும் பிரேக்கை மிதித்தாள். சக்கரம் நின்றது, ஜீப் நிற்கவில்லை. ஐந்தாவது பார், எட்டாவது பார், பன்னிரண்டாவது பார். ஸ்டியரிங்கை ஒடித்தாள், அது யாரோ வீட்டு ஸ்டியரிங் மாதிரி சும்மா சுற்றியது. வண்டி நேராகப் போய் வலைக் குவியலில் முட்டி நின்றது.

ஃபாஜில் ஓடி வந்தான். "அக்கா! அடி கிடி பட்டுச்சா?"

எல்சி இறங்கவில்லை. கால் இன்னும் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. லேசா சறுக்கிடுச்சு என்று அவன் சொன்னானே, இதைத்தான் சொன்னானா? இதற்குப் பெயர் லேசா? பின்னால் ஒருத்தி வலியில் கத்திக்கொண்டிருக்க, முன்னால் பள்ளம் வந்துகொண்டிருக்க, அந்த மனுஷன் இதிலா உட்கார்ந்திருந்தான்! அவள் அழுதாள். ஃபாஜில் என்ன செய்வதென்று தெரியாமல் போய் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தான்.

டீயைக் குடித்துவிட்டு ஜாக்கியைப் போட்டாள். இரண்டாவது செட் பத்தாவது பாரில் நின்றது.

மூன்றாவது செட் ஏழில் நின்றது. நம்பாமல் மறுபடியும் ஓட்டினாள். ஏழு. மறுபடியும், ஏழேகால்.

பிறகு ஃபாஜில் மிஷினில் பார்களைப் போட்டுப் பொடியாக்கித் தரையில் முழங்கால் உயரம் பரப்பினான். பனி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சேற்று டயர் பொடியை எல்லாம் வாரி அவன்மேலேயே அடித்துவிட்டு நின்ற இடத்தில் சுற்றியது. மூன்றாவது டயர் வெட்டுக்குள்ளெல்லாம் பொடியை அடைத்துக்கொண்டு, முனகிக்கொண்டே ஏறி வந்துவிட்டது. எல்சி பழக்கதோஷத்தில் ஸ்குரூ டிரைவரால் அந்தப் பொடியை நோண்டப் போனாள். பாதியில் கையை நிறுத்தினாள். ஈர மணலோடு ஈர மணல் ஒட்டுவதுபோல், டயருக்குள் இருந்த பொடிதான் தரையில் கிடந்த பொடியைப் பிடித்திருக்கிறது. சேற்றை உதற வேண்டும், இதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாக அவளுக்குத் தெரிந்தது இங்கே தலைகீழ்.

(தரங்கம்பாடி வெயிலில் உருகி வழியும் ஐஸும் மலையின் ஐஸும் ஒன்றா என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றில்லை. மேலே தண்ணீர் கசிந்த ஐஸ்தான் இன்னும் மோசமாக வழுக்குமாம். அதிலேயே ஏழு என்றால்... நானும் அப்படித்தான் தைரியம் சொல்லிக்கொண்டேன்.)

6

இப்போது எல்சி போனைக் கையில் எடுக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் அவளிடம் ஒரு பொய் தயாராக இருக்கிறது. 'எந்த டயரும் நிக்காதுங்க. பாத்துட்டேன். கெளம்பி வாங்க.' அவள் சொன்னால் அவன் வந்துவிடுவான். டயர் விஷயத்தில் அவளுக்கு எதிர்ப்பேச்சு அவன் பேசினதில்லை. அவளுக்கு அவன் வேண்டும். ஏழு மாதமாகத் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. அந்த முடிவையும் எழுதினேன். கிளமென்ட் கும்பகோணத்தில் ரயிலிறங்குகிறான், எல்சி மீன்குழம்பு வைத்திருக்கிறாள், இரண்டு பேரும் சந்தோஷமாக... அங்கே ஜீப்பைப் பழைய டயரோடு டாக்டரம்மாவே ஓட்டிக்கொண்டு...

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. எல்சிக்கும் வாய் வரவில்லை.

"என்னங்க. மலைப் படம் போட்ட டயரு. அதான்."

"நிக்குமா?"

"நிக்கும்னு சொல்ல மாட்டேன். சைக்கிள் வேகத்துல வந்தா ஏழு பார் தள்ளிப் போய் நிக்கும்."

"என்ன பாரு?"

"ஃபாஜில் கம்பெனி ஐஸ் பார். நானே ஓட்டிப் பாத்தேன்."

"நீ ஓட்டினியா?" என்றான். குரல் மாறியிருந்தது.

"ஓட்டினேன். லேசா சறுக்கிச்சு" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், வரவில்லை. "இனிமே எங்கிட்ட லேசான்னு சொல்லாதீங்க. எத்தினி பாருன்னு சொல்லுங்க."

"சரி."

"சங்கிலியும் சேத்து அனுப்புறேன். ரொம்ப மோசமா இருந்தா சக்கரத்துல சுத்திக்குங்க. வளைவுக்கு எட்டு பார் முன்னாடியே மிதிங்க. ஏழு இல்ல, எட்டு."

"எட்டு" என்றான் கிளமென்ட், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

7

டயர் லாரி ஏறிவிட்டது, போய்ச் சேர்ந்தும்விட்டது. அதுவரை என் பொறுப்பு.

இப்போது ஜனவரி. அதே வளைவு. கிளமென்ட் சைக்கிள் வேகத்தில் வருகிறான். மனதுக்குள் எண்ணி, எட்டு பார் இருக்கும்போதே மிதிக்கிறான். டயரின் வெட்டுகள் ஐஸைக் கவ்வுகின்றன. வண்டி

இதற்குமேல் நான் போகப்போவதில்லை. அவன் எட்டு என்று எண்ணியது கண் மதிப்பு. நிஜமாக அங்கே எத்தனை பார் இடம் இருக்கிறது என்பதை எழுதுகிறவன்தான் வைக்க வேண்டும். ஆறு வைத்தால் என்னை நாலு பேர் பெரிய எழுத்தாளன் என்பார்கள். எனக்கு அந்தச் சபலம் உண்டு, ஒருமுறை அவனைக் கொன்றவன்தானே நான். அதனால் இதை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எத்தனை பார் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கிறாள். பார்த்து, கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.