எடுக்காத கை

பொழுது புலரும் முன்பே எனெய்தாவின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. பர்ரான்கீயா நகரத்துத் தனியார் இதய மருத்துவமனையில் அவளுக்கு அமுக்குகிற வேலை. தொடை இடுக்குத் தமனி வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் படம் பிடிப்பார்கள். குழாயை உருவியதும், முழங்கையை நிமிர்த்தி, உடம்பின் கனத்தையெல்லாம் இறக்கி, சோறு வேகிற நேரம் அவள் அந்தத் துளையை அமுக்கிப் பிடிக்க வேண்டும். விரலுக்கடியில் ரத்தம் முட்டி மோதும். அசந்தால் போச்சு.

முன்பு ஆளுக்கு ஒரு நோயாளிதான். முதலாளி டாக்டர் புஸ்தியோ செலவைக் குறைக்கிறேன் என்று ஆண் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார். மிஞ்சிய மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டு கட்டில் என்றாயிற்று. ஒன்றை அமுக்கு, மற்றதில் துளைமேல் மணல் மூட்டையை வை என்றார். மூட்டை சம்பளம் கேட்காது என்று சிரிக்க வேறு செய்தார், மகராசன்.

போன வாரம் ஒப்தூலியோ வந்தார். ஆற்றங்கரைச் சந்தையில் வாழைத்தார் சுமக்கிறவர், அவள் அப்பன் வயது. அந்த இடத்தில் பெண்பிள்ளை கை படுகிறதே என்று மனுஷன் கூசிச் செத்தார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, போதும் மகளே, ரத்தம் நின்றிருக்கும் என்று கெஞ்சினார். பக்கத்துக் கட்டிலில் மணி அடித்தது. எனெய்தா கையை எடுத்தாள், மூட்டையை வைத்தாள், ஓடினாள். அவர் கூச்சம் தனக்கு வசதியாகப் போயிற்று என்பது அவள் மனசுக்குத் தெரியும்.

வீங்கியதை அவர் யாரிடமும் காட்டவில்லை. குடலிறக்கம் என்று நினைத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தார் சுமந்தாராம். நேற்று தூக்கிக்கொண்டு வந்தபோது மாங்காய் அளவு கட்டி, உள்ளே துடித்துக்கொண்டிருந்தது. தமனியைத் தைக்க வேண்டும். கால் தங்குமா என்று யாரும் வாய் திறக்கவில்லை.

"நாந்தான் உன்ன அவசரப்படுத்திட்டேன், மகளே. மன்னிச்சிரு" என்றார் அவர்.

எனெய்தாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவர் போர்வையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

இன்று டாக்டர் ஊழியர் அறைக்கே வந்து, கையை எடுத்தது யார் என்று கேட்டார்.

"நான்தான்."

"அப்ப இன்னியோட நின்னுக்கோ."

அவள் தலை கவிழ்ந்தாள். நியாயம்தான் என்றே அவளுக்குப் பட்டது. அப்போது கூட வேலை பார்க்கிற நூபியா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நானும் எடுத்தேன், டாக்டர். போன மாசம் வந்த ஒரு டீச்சரம்மாவுக்கு. ஏதோ தப்பிச்சாங்க."

மூவரில் மூத்தவள் தெனிஸ் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் தெனமும் எடுக்கறேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மூன்று பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்து வைத்திருந்த சங்கதி அது. அவரவர் தம் சோம்பல் என்றே எண்ணிப் புழுங்கியிருந்தார்கள்.

"மூணு பேரையும் அனுப்பிட்டு நாளைக்கே வேற ஆள் வெப்பேன்."

"வைங்க" என்றாள் தெனிஸ். "இன்னிக்கு ஆளுக்கு ஒரு கட்டில்தான். கை காலியாகற வரைக்கும் அடுத்த குழாய உருவ விடமாட்டோம்."

அப்படியே செய்தார்கள். அமுக்கியவர்கள் அமுக்கியபடி நின்றார்கள். வெளியே நோயாளிகளைக் கிடத்திய தள்ளுவண்டிகள் வரிசை கட்டின. டாக்டர் கத்தினார், வேலையை விட்டே தூக்குவேன் என்றார், குழாயை உருவச் சொல்லி அதட்டினார். குழாயோடு படுத்திருந்த மீன்காரி ஒருத்தி தலையைத் தூக்கினாள்.

"என்னுத இப்ப உருவாதீங்க, டாக்டர். அந்தப் பொண்ணு வரட்டும். நான் கெடக்கறேன்."

அவர் தொலைபேசியைத் தேடிப் போனார். யாரை அழைக்கப் போகிறாரோ, தெரியாது.

இது முடிந்ததும் ஒப்தூலியோவின் கட்டிலுக்குப் போக வேண்டும் என்று எனெய்தா மற்ற இருவரிடமும் சொன்னாள். அவசரம் உங்களுடையது இல்லை, நான்தான் எடுத்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டரை எதிர்ப்பதைவிட அது கஷ்டம். கூட வருகிறோம் என்றார்கள் இருவரும், கையை எடுக்காமலே.