இரும்பு பன்னிரண்டு, சிரிப்பு முப்பத்தொன்று

பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் குடியிருக்கும் குணாளனின் குடும்பக் காரிலிருந்து வடித்த பழைய இன்ஜின் எண்ணெயில், 2022 மார்ச் மாதம், பத்து லட்சம் பங்குக்கு இரும்பு பன்னிரண்டும் செம்பு நான்கும் சிரிப்பு முப்பத்தொன்றும் இருந்தன. அறிக்கை கடலுக்கு அந்தப் பக்கம் பிறை ஊரில் உள்ள ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவருடைய முதல் கார் கடல் பாலத்தின் நடுவே இன்ஜின் இறுகி நின்று, பின்னால் வந்த லாரிக்காரர்களிடம் நான்கு மொழியில் ஏச்சு வாங்கிய நாளிலிருந்து, எண்ணெய் மாற்றும்போதெல்லாம் சூடு ஆறுமுன் சின்னப் புட்டியில் பிடித்து அனுப்பிவிடுவார். மற்றவர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் காலண்டர் தொங்கும், இவர் வீட்டில் எண்ணெய் அறிக்கை தொங்கியது. இந்தக் கார் வாங்கி ஆறு வருடத்தில் சிரிப்பு இரண்டைத் தாண்டியதே இல்லை.

இரும்பு ஏறினால் உள்ளே தேய்கிறது, சிலிக்கன் ஏறினால் வெளித்தூசி புகுந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிரிப்பையும் அவர் தூசிக் கணக்கில்தான் சேர்த்தார். எந்த ஓட்டை வழியாகப் புகுந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. மனைவி லோகேஸ்வரி அந்தக் காரில்தான் தினமும் பாலம் தாண்டிப் பிறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். ஜனவரியில் மோட்டார் சைக்கிள் பழுதானதிலிருந்து அதே தொழிற்சாலை ரேமண்டும் கூட வருகிறான், அதுவும் முன்சீட்டில். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன், பல்வரிசையும் நன்றாகவே இருக்கும். குணாளனுக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்டும்போது அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வருவாளே தவிர, பல் தெரிந்து அவர் பார்த்ததில்லை.

"காடியில என்ன அவ்ளோ சிரிப்பு?" என்று காரின் அறிக்கையை நீட்டினார்.

லோகேஸ்வரி வாங்கிப் படித்தாள். "முப்பத்தொண்ணா? கூடத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவர் தூங்கியிருப்பார்.

மறுவாரமே வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, காலையும் மாலையும் தானே அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவந்தார். ரேமண்ட் பஸ்ஸுக்குப் போனான். சிரிப்பின் வாடைகூட மிஞ்சக் கூடாதென்று இன்ஜினை இரண்டு முறை அலசிப் புது எண்ணெய் ஊற்றினார். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஒரு வருடம் அந்தக் காரில் யாரும் பேசவில்லை. ஜூன் அறிக்கையில் அலசியும் போகாத சிரிப்பு ஒன்பது, இரும்பு இருபத்தாறு. அக்டோபரில் சிரிப்பு பூஜ்யம். அந்தச் சந்தோஷத்தில் பசெம்பூர் பலகாரம் வாங்கி வந்து தின்று முடித்த பிறகுதான், மேல் வரியில் இரும்பு ஐம்பத்தெட்டு என்றிருந்ததைக் கவனித்தார். பிப்ரவரியில் அது எண்பத்தொன்று ஆனது, இன்ஜின் கரகரத்தது. லோகேஸ்வரியும் இளைத்துப்போயிருந்தாள், ஆனால் அதற்கு அறிக்கை எதுவும் வரவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டார். அறிக்கை எழுதும் சுலைஹா எடுத்தாள்.

"அண்ணே, நல்லா இருந்த சிரிப்பு எங்க போச்சு?"

"நான்தாம்மா எடுத்துட்டேன். வெளி ஆளு சிரிப்பு அது."

"யாரு சொன்னா? தூசி வேற, இது வேறலா. துத்தநாகம் மாதிரி இன்ஜினக் காக்குற சரக்கு. அது துளிகூட இல்லாமதான் இரும்பு இரும்பத் திங்குது." அவள் பழைய தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "முப்பத்தொண்ணுல முப்பது பொம்பள சிரிப்பு, ஒரே குரல். ஆம்பள சிரிப்பு ஒண்ணே ஒண்ணு. அதுவும் மரியாதைக்குச் சிரிச்சது."

அன்று மாலை தொழிற்சாலை வாசலில் குணாளன் சாவியை மனைவியிடம் நீட்டினார். "அவன் சிரிக்கலியாம். பின்ன நீ மட்டும் எதுக்குச் சிரிச்ச?"

"உங்கள நெனச்சுத்தான். சாமிகிட்ட ஆயில் ரிப்போர்ட் மாட்டுற ஆளு இந்தப் பினாங்குல வேற யாரு இருக்கா? ரேமண்டுகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். பாவம், அவனுக்கு ஒண்ணும் வெளங்காது." சாவியை வாங்கிக்கொண்டாள். "உங்ககிட்டதான் சொல்லணும்னு இருக்கும். நீங்க மீட்டரையே பாத்துக்கிட்டு வருவீங்க."

குணாளனுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் தன்னைப் பார்த்தே பொறாமைப்பட்டிருக்கிறார். சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, "சொல்லு, நானும் கேக்குறேன்" என்றார். பாலம் ஏறுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

ரேமண்ட் மறுபடியும் முன்சீட்டில் வரத் தொடங்கினான், அந்த இடம் குணாளனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அடுத்த அறிக்கையில் இரும்பு பதினாறு, சிரிப்பு நாற்பத்திரண்டு, புது வரியாகப் பொறாமை மூன்று. அதற்கெதிரே சுலைஹா, இந்த இன்ஜினுக்கு இது வழக்கமான அளவே, மாற்றத் தேவையில்லை என்று குறித்திருந்தாள். குணாளன் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அடுத்து எண்ணெய் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை லோகேஸ்வரி அதன் ஓரத்தில் எழுதிவைத்தாள்.