கீழவையில் பிறக்க வேண்டிய மசோதா

கல்குவாரித் தூசி நுரையீரலை அரித்துவிட்ட கணவனை ஆக்சிஜன் குழாயோடு வீட்டில் விட்டுவிட்டுத்தான் மேலவை உறுப்பினரான நர்ஸம்மா கூட்டங்களுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். குவாரி முதலாளிகளுக்கு லோடுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, அந்தப் பணத்தில் தூசி நோயாளிகளின் வீட்டுக்கே ஆக்சிஜன் அனுப்ப வேண்டும். இதுதான் அவள் கொண்டுவந்த மசோதா. மேலவை மேசையைத் தட்டி அதை நிறைவேற்றியது.

கீழவையோ பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டது. வரி போடும் மசோதா, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பிய கீழவையில்தான் பிறக்க வேண்டும். அரசியல் சட்டம் அப்படி.

அவள் தளர்ந்துபோகவில்லை. கூடப் பிறந்த தம்பியே கீழவை உறுப்பினர். நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

“இதையே நீ அங்க கொண்டு வாடா. ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்.”

தம்பி பிடரியைத் தடவிக்கொண்டான். “கொண்டு வரலாம்க்கா. ஆனா எனக்கு எலெக்‌ஷன் செலவு பண்ணதே குவாரிக்காரங்கதான். கொஞ்சம் ஆறப் போடுவோம்.”

“ஆறப் போடுறதுக்கு உங்க மாமாகிட்ட மூச்சு இருக்கணுமேடா!”

மாமா அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

சாவு வீட்டில் தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும்; அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அடுத்த கூட்டத்தொடரில் அவனே மசோதா கொண்டுவந்தான், மாமாவின் பெயரிலேயே. வரி கால்வாசியாகச் சுருங்கியிருந்தது. அதிலும் பாதி, குவாரிக்குச் சாலை போட. வீட்டுக்கு ஆக்சிஜன் என்ற பேச்சே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு, அவ்வளவுதான்.

அது மேலவைக்கு வந்த அன்று அவள் எழுந்தாள். “ஒரே ஒரு திருத்தம், தலைவரே.”

“வரி மசோதாவுல நாம கை வைக்க முடியாதும்மா,” என்றார் தலைவர், தணிந்த குரலில். “ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணுதான் சொல்லலாம்.”

இல்லை என்றால் அந்த வார்டும் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரியின் மகனும் குவாரி வேலைக்குப் போய் இருமத் தொடங்கியிருந்தான்.

“ஆமா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வெளியே நடைக்கூடத்தில் தம்பி காத்திருந்தான். “மாமா பேரு நிலைச்சிருச்சுக்கா.”

“இனிமே வீட்டுப் பக்கம் வராத,” என்று சொல்லிவிட்டு, அவனைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.