முப்பத்தேழாம் எண் சட்டை

அமெரிக்கக் கால்பந்து அணியொன்றில், ஆட்டம் முழுக்கப் பந்தை உதைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத எல்மோ வைக்கெரி, 1975ஆம் ஆண்டில் மூன்று ஆட்டங்களில் மட்டும் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதினோரு முறை ஓடியிருக்கிறார். மொத்தம் நூற்று நாற்பத்துமூன்று கஜம். அதற்கு முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடியதில்லை. டெல்பர்ட் ஸ்ட்ராண்டுக்கு இது மூன்று நாளாகத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

ஹால்வெர்சன் கல்லூரி அணியின் ஆட்டப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் டெல்பர்ட். அரங்கத்தின் புதிய வாசலில், கல்லூரி வரலாற்றில் பந்தை ஏந்தி ஓடிய தலைசிறந்த மூன்று ஓட்டக்காரர்களின் பெயரைக் கல்லில் வெட்டப்போகிறார்கள். யார் சிறந்தவர் என்று விவாதித்தால் கான்சஸ் முழுக்கச் சண்டை மூளும் என்பதால், ஓடிக் கடந்த மொத்த கஜம்தான் அளவுகோல் என்று கல்லூரி முடிவு செய்துவிட்டது. முதல் இரண்டு இடங்களில் சிக்கல் இல்லை. மூன்றாம் இடத்தில் ஹானிமன், 3,058 கஜம். நான்காவது கிளியோஃபஸ் ரட், 2,987. எழுபத்தொரு கஜம் குறைந்ததால் ரட்டின் பெயர் கல்லுக்கு வெளியே நின்றது. சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்குமுன் டெல்பர்ட் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்துவிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் எல்லா ஆட்டங்களையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தபோதுதான் வைக்கெரி அகப்பட்டார். உதைப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு ஓடும் தந்திரமாக இருக்கலாம் என்று டெல்பர்ட் முதலில் நினைத்தார். ஆனால் அதைப் பதினோரு முறை செய்தால் எந்த எதிரணி ஏமாறும்? அதுவும் மூன்று ஆட்டங்களிலும் கடைசிக் கால்பகுதியில் மட்டும்? வைக்கெரியைக் கேட்கலாமென்றால் அவர் இறந்து ஒன்பது ஆண்டாகிறது. அன்றைய செய்தித்தாள் படமும் பதிவேட்டின் பக்கமே பேசியது: 37ஆம் எண் சட்டையில் ஒருவர் பந்தோடு பாய்கிறார், முகத்தைத் தலைக்கவசக் கம்பி மறைக்கிறது, அடியில் ‘உதைப்பாளர் வைக்கெரியின் ஓட்டம்’ என்று அச்சாகியிருந்தது.

படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பதினொரு மணிக்கு அரங்கத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். ரட் தன் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டுப் பன்றி விலா எலும்புகளைக் கரியடுப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் நாற்பது ஆண்டுகளாக இதே இடம், இதே அடுப்பு. எதிரே மடக்கு நாற்காலியில் க்வென் பாஸ்க். ஹானிமன் ஆடிய காலத்தில் அதே கல்லூரியில் படித்தவள். அவனுக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசுபவள்.

“ரட் அண்ணே, கல்லுல பேர் வரலன்னு எலும்பு மேல கோவத்தக் காட்டாதீங்க. கருகுது பாருங்க,” என்றாள்.

“கருகல. அதுக்குப் பேர் நிறம். ஒங்க ஹானிமனுக்குத்தான் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.”

“மூவாயிரத்து ஐம்பத்தெட்டு!”

“ஏம்மா, அவனுக்கு முன்னாடி நின்னு எதிராளிய முட்டித் தள்ளுன அஞ்சு பேரும் லாரி மாதிரி. வழியத் தொறந்துவிட்டா எங்க அத்தைகூட ஓடுவா, கைல கேக்கோட!”

டெல்பர்ட்டுக்கு இந்த விவாதத்தில் பிடித்த இடம் ஒன்று உண்டு, இப்போதும் விடவில்லை. “அப்படிச் சொல்லாதடா. வழி தொறக்குற வரைக்கும் அரை நொடி பொறுத்து நிக்கிறது சாமானியமா? முந்திப் போனா சொந்த ஆள் முதுகுல முட்டுவ. பிந்திப் போனா கதவு மூடிடும். ஹானிமனுக்கு அந்தப் பொறுமை இருந்துச்சு.”

“எனக்கு?”

“ஒனக்குப் பொறுமையே கெடையாது. நீ செவுத்துலயே கதவு வச்சவன்.”

ரட் இடுக்கியை உயர்த்திச் சிரித்தார். “கேட்டுக்கோ க்வென்! பதிவேட்டுக்காரனே சொல்லிட்டான். அந்தக் கல்லுக்காரங்கள்ல ஒரே நாள்ல எட்டுச் சட்டையக் கிழிச்சவன் வேற யாருடா இருக்கான்?”

“ஐயோ, சட்டைக் கதை!” க்வென் காதைப் பொத்திக்கொண்டாள். “எட்டாவது சட்டை வந்தாச்சு. எல்லாரும் கைதட்டுங்க, சாப்பாட்டுக்குப் போவோம்.”

அந்தக் கதை எப்போதும் அங்கேதான் நிற்கும். அந்த நாட்களில் ஓட்டக்காரர்களுக்கென்றே மெல்லிய துணியில் சட்டை தைப்பார்கள். எதிராளி பிடித்து இழுத்தால் காகிதம் போலக் கிழியும். துணி அவன் கையில் இருக்கும், ஓட்டக்காரர் பத்து கஜம் தள்ளிப் போயிருப்பார். கிழிந்ததும் ஓரத்துக்கு வந்து, அதே எண் போட்ட வேறொன்றை மாட்டிக்கொண்டு திரும்புவார். பிற்பாடு அந்தச் சட்டைகளையே விதி போட்டு நிறுத்திவிட்டார்கள். எட்டுச் சட்டை என்பது வெறும் பீற்றல் என்று நினைத்து, எட்டாவதில் எல்லோரும் சிரித்து எழுந்துவிடுவார்கள். டெல்பர்ட்டும்தான்.

இன்று அவர் எழவில்லை. எட்டு என்ற எண் அவரை உட்கார வைத்தது. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை சட்டைதான் தைத்து வைத்திருப்பார்கள்?

“எட்டாவதும் கிழிஞ்சுதா?” என்று கேட்டார்.

“கிழியாம? மூணாவது கால்பகுதி முடியுறப்பவே.”

“அப்புறம் என்ன பண்ண?”

ரட் அவரை விநோதமாகப் பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. “அப்புறம் என்ன, வெறும் ஒடம்போடயா ஓட முடியும்? பெஞ்சுல வைக்கெரி உக்காந்திருந்தான். அவன யாரு தொடப்போறா? சட்டை அயர்ன் பண்ண மாதிரி இருந்துச்சு. கழட்டுடான்னேன். அந்த வருசம் ரெண்டு மூணு தடவ அப்படி ஆச்சு. என் தோளுக்கு அது பத்தவே இல்ல, தெரியுமா?”

“இத ஏன்டா இத்தன வருசமா சொல்லல?”

“நீங்க எங்க சொல்ல விட்டீங்க? அதுவுமில்லாம, ஓடுறது என் வேலை, எண்ணுறது ஒங்க வேலை. சரியாத்தான் எண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

டெல்பர்ட் படத்தை எடுத்தார். இம்முறை எண்ணைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். வைக்கெரி பந்தைப் பெருவிரல் நுனியால் நேராக உதைப்பவர். அதற்கென்று வலது காலில் முன்பக்கம் பெட்டி போலச் சதுரமான பூட்ஸ் போட்டிருப்பார். அதோடு ஓடினால் நான்காவது அடியில் விழுவார். படத்தில் இரண்டு பூட்ஸும் கூர்முனை.

“கூர்முனை!” என்று க்வென்னிடம் நீட்டினார். “மேல கண்ணாடிக் கூண்டுல ஒருத்தன் தொலைநோக்கில எண்ணப் பாத்துச் சொல்லுவான், பக்கத்துல இருக்கவன் தட்டச்சு பண்ணுவான். அவங்களுக்கு மூஞ்சி தெரியாது, எண்தான் தெரியும். கீழ சட்டை மாறினத யாரும் மேல சொல்லல.”

க்வென் படத்தை முகத்தருகே கொண்டுபோனாள். “சரி, பூட்ஸ் ஒத்துக்குறேன். அது ஒரு ஓட்டம். மீதி பத்து?”

நல்ல கேள்வி. டெல்பர்ட் தோள்பையிலிருந்து அந்த மூன்று ஆட்டங்களின் தாள்களை எடுத்து வண்டியின் பின்கதவில் விரித்தார். ஒவ்வொரு ஓட்டமும் எண்ணோடு வரிசையாக இருந்தது. ரட்டின் எண் 22. மூன்று தாள்களிலும் 37 முதன்முதலாக ஓடிய வரிக்குக் கீழே விரலை ஓட்டினார். ஆட்டம் முடியும்வரை 22 ஒருமுறைகூட இல்லை. பயிற்சியாளர் ரட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார் என்றுதான் இதுவரை நினைத்திருந்ததாகச் சொன்னார்.

“ஓய்வா? எனக்கா?” ரட்டுக்கு அதுதான் உறைத்தது.

க்வென் தாள்களைத் தானே ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரு விலா எலும்பை எடுத்துக் கடித்தாள். “பொறுமையில ஹானிமன்தான் பெரியவன். அத எந்தக் கல்லுலயும் மாத்த முடியாது. ஆனா கணக்கு கணக்குதான். எழுதுங்க.”

மணி பன்னிரண்டே கால். டெல்பர்ட் பேனாவைத் திறந்து எழுதினார்: ‘1975இல் மூன்று ஆட்டங்களின் கடைசிக் கால்பகுதியில் 37ஆம் எண்ணில் ஓடியவர் வைக்கெரி அல்லர், தன் சட்டைகள் கிழிந்துபோனதால் அவருடையதை அணிந்த ரட். அந்த 143 கஜமும் ரட்டுடையவை. மூன்றாம் இடம்: கிளியோஃபஸ் ரட், 3,130 கஜம்.’