இரண்டாம் ரக மலை

மாட்டுப் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் ஆக்னஸ் அந்த நோட்டைப் பார்த்தாள். ஒளித்து வைத்த நோட்டு ஒன்றுமில்லை. மேசை மேல், டார்ச் லைட்டுக்கும் பஞ்சர் ஒட்டும் சாமான் டப்பாவுக்கும் நடுவில் திறந்தே கிடந்தது.

அவள் கணவன் தேவானந்தம் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் அசார்ட்டர். வடக்கு பார்த்த பெரிய ஜன்னலோரம் மேசை போட்டு, நாள் முழுக்க ஆட்டுத் தோல்களைப் புரட்டிப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாவற்றையும் விரலாலேயே கண்டுபிடித்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று அடுக்குவான். கத்தரிக்காயைக்கூட இந்த மனிதன் அப்படித்தான் வாங்குவான் என்பது, கல்யாணமாகி எட்டு மாதமான ஆக்னஸுக்குத் தெரியும். மலைகளையும் அப்படிப் பிரித்து வைத்திருக்கிறான் என்பதுதான் புதிது.

லீவு நாள் வந்தால் தேவானந்தம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மலை ஏறப் போய்விடுவான். இந்த எழுபத்தொன்பதாம் வருஷப் பொங்கலுக்கு ஆக்னஸும் கூட வருவதாகச் சொல்லியிருந்தாள். எந்த மலை என்பதுதான் முடிவாகவில்லை.

உட்கார்ந்து படித்தாள்.

ஏலகிரி: ஃபர்ஸ்ட். பொன்னேரியில் ஆரம்பிக்கும் ஏற்றம் மேலே போகிற வரை விடாது. இறங்கும்போது பிரேக் கட்டை சூடாகி வாசனை வருகிறது.

பேரணாம்பட்டு மலைப்பாதை: செகண்ட். ஏற்றத்துக்கு நடுவே மூச்சு வாங்க சமதரை உண்டு. எந்த வளைவிலும் திரும்பிவிடலாம். மேலே டீக்கடை.

ஆலங்காயம் காவலூர்: செகண்ட். நீளம் ஜாஸ்தி, செங்குத்து கம்மி. சைக்கிளை பஸ் மேல் போட்டு ஆலங்காயம் வரை போய்விடலாம். நிழல் உண்டு. பஞ்சரானால் கேட்க ஆளில்லை.

ரத்தினகிரி: தேர்ட். காலைப் பலகாரத்துக்கு முன் முடிந்துவிடும்.

சோளிங்கர்: ரிஜெக்ட். முழுக்கப் படி. சைக்கிளை நாம்தான் சுமக்க வேண்டும்.

ஆக்னஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஆட்களைப் பிரித்திருந்தான்.

ஷபீ அஹமது: ஃபர்ஸ்ட். சத்தார்: தேர்ட் (பீடியை விட்டால் செகண்ட்). ஆக்னஸ்: செகண்ட்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த வார்த்தையைத் தாண்டிப் போயிருப்பாள். ஆக்னஸால் முடியவில்லை. அவளுக்கு முன்னால் தேவானந்தத்துக்கு இன்னொரு பெண் நிச்சயமாகியிருந்தது. ஜெபராணி. வேலூரில் நர்ஸ். கோயிலில் ஓலைகூட வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் சபை நடுவில் வாசிப்பாரே, அதில் இரண்டு ஞாயிறு ஆயிற்று. மூன்றாவது ஞாயிறு அந்தப் பெயர்கள் வரவில்லை. போஸ்ட் ஆபீஸ் வேலையில் மாற்றலாகி வந்த அப்பாவோடு ஆக்னஸ் அந்தச் சபைக்கு வந்து சேர்ந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ஒரு வருஷம் போனது. அதே சபையில் அதே தேவானந்தத்தின் பெயரோடு அவள் பெயரை வாசித்தபோது, முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் திரும்பி, இது யாரு என்பதுபோல் பார்த்தார்கள்.

எதனால் நின்றது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அவன் மனசில் தான் இரண்டாவதுதானா? எட்டு மாதமாக மடித்து வைத்திருந்த அந்தக் கேள்வியை இந்த நோட்டு இழுத்து வெளியே போட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் ஷபீ அஹமது வந்தார். கம்பெனியில் தோல் பதப்படுத்தும் டிரம் ஓட்டுகிற பகுதிக்கு அவர்தான் மேஸ்திரி. தேவானந்தத்தைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஆனால் ஏற்றத்தில் அவரைப் பிடிக்க ஆளில்லை.

"இன்னா தேவா, எந்த மலைன்னு முடிவாச்சா?"

"பேரணாம்பட்டுதான்."

"ஏலகிரி," என்றாள் ஆக்னஸ், டீ டம்ளரை அவர் முன்னால் வைத்தபடி.

ஷபீ கண்களை அகல விரித்தார். "அட்ரா! போன வருஷம் சத்தாரும் இப்டித்தான் மார் தட்னான். நாலாவது வளைவுல சைக்கிள மரத்துல சாச்சிட்டு, பஸ் ஏறி வூட்டுக்குப் போய்ட்டான். அந்த சைக்கிள யாரு எடுத்தாந்தது? நானு! ஒரு கைல என் சைக்கிளு, ஒரு கைல அவன் சைக்கிளு."

"நா சத்தார் இல்ல பாய். தெனம் மாதனூர் ஸ்கூலுக்குப் போக வர பன்னண்டு மைல் மிதிக்கிறேன்."

"அது சமரோடு," என்றான் தேவானந்தம். "ஏலகிரி நீ ஏறிடுவ ஆக்னஸ், அதுல எனக்கு சந்தேகமில்ல. எறங்கறதுதான் பேஜாரு. மலைய எல்லாரும் ஏத்தத்த வச்சித்தான் எடை போடறாங்க. பாதி வழியிலயே கை செத்துப்போச்சின்னா அப்புறம் பிரேக்க யாரு புடிக்கிறது? நடுவுல நின்னு கைய ஒதறிக்க எடம் வேணும், முடியலன்னா திரும்ப வழி வேணும். செகண்ட்ல ரெண்டு தடவ ஏறி எறங்கு. அப்புறம் ஏலகிரி பாக்கலாம்."

"எனக்கு செகண்ட்தான்னு முடிவே பண்ணிட்டீங்க."

"ஆமா," என்றான் அவன், பச்சைக் குழந்தை மாதிரி.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த மாமியார் ஞானசுந்தரி மருமகளின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மொச்சையிடம் சொல்வதுபோல், "மாட்டுப் பொங்கலுக்கு ஊரே கறி திங்குது. இந்த வூட்ல மலையத் திங்கப் போறாங்க," என்றாள்.

"நா வர்ல தோஸ்த்," ஷபீ டம்ளரைக் கவிழ்த்தார். "அன்னிக்கு மேல்விஷாரத்துல மச்சான் வூட்ல விருந்து. போகலன்னா வஹீதா என்ன தோல் ஊறப்போடற தொட்டில தள்ளிடுவா. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. டீச்சரம்மா, பேரணாம்பட்டும் லேசுப்பட்டது இல்ல, சொல்லிட்டேன்."

"சரி பாய். உங்க தோஸ்த்து குடுத்த ரகத்துக்கே போறேன்," என்றாள் ஆக்னஸ். அதில் இருந்த முள் யாரையும் குத்தவில்லை.

மாட்டுப் பொங்கலன்று விடிந்ததும் கிளம்பினார்கள். கம்பெனிகளுக்கு லீவு. டிரம் ஓடும் சத்தம் இல்லாத ஆம்பூர் வேறு ஊர் மாதிரி இருந்தது. வாசனை மட்டும் லீவு எடுக்கவில்லை. கரும்பு லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, பேரணாம்பட்டு சாலையில் திரும்பினார்கள். வழியில் மாடுகளுக்குக் கொம்பு சீவிச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் லேடீஸ் சைக்கிளில் புருஷனுக்குச் சமமாக மிதித்துப் போவதைப் பார்த்த கிழவர் ஒருவர், தூரிகையைக் கொம்பிலேயே வைத்தபடி நின்றுவிட்டார்.

பேரணாம்பட்டு தாண்டி காடு தொடங்கியதும் சாலை நிமிர்ந்தது. ஆக்னஸ் எதிர்பார்த்ததைவிட சைக்கிள் லேசாக ஏறியது.

"வண்டில என்ன பண்ணீங்க?"

"பின்னால பல்சக்கரத்த மாத்தினேன். பெருசு போட்டா மிதி லேசாகும். போன வாரமே போட்டாச்சு."

"சொல்லவே இல்லயே."

"சொன்னா, எனக்கெதுக்கு, உங்களுதுல போட்டுக்கோங்கன்னுவ."

அப்படித்தான் அவள் சொல்லியிருப்பாள்.

முதல் வளைவு போனது. இரண்டாவதில் தொடை எரிய ஆரம்பித்தது. "நேரா ஏத்தாத, ரோட்டு அகலத்துக்கு இப்டி அப்டி வெட்டி ஏத்து," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மூன்றாவதுக்கு அப்புறம் அவன் எழுதியிருந்த சமதரை வந்தது. தக்காளிக் கூடைகளோடு மேலேயிருந்து இறங்கிய லாரியின் கிளீனர் விசிலடித்து, "விடாத அக்கா!" என்று கத்திவிட்டுப் போனான். நான்காவது வளைவில் ஆக்னஸுக்கு நெஞ்சு காதில் அடித்தது. இறங்கி, தடுப்புக்கல்லில் உட்கார்ந்தாள். கீழே பேரணாம்பட்டு ஏரி ஒரு கண்ணாடித் துண்டு போலத் தெரிந்தது.

தேவானந்தம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள்.

"தண்ணி குடிச்சிட்டுக் கேளு."

"தண்ணி அப்புறம். நா செகண்டா?"

"ஆமா. நானுந்தான் செகண்ட். ஏலகிரில கடைசி மூணு வளைவு தள்ளிக்கினுதான் போனேன். அத அந்த ஷபீ வெளிய சொல்லாம இருக்காரு, நல்ல மனுஷன்."

"நா மலையப் பத்திக் கேக்கல. ஜெபராணிக்கு அப்புறம் நா. அதக் கேக்கறேன்."

அவன் பாட்டிலை மூடினான். சைக்கிளைக் கல்லில் சாய்த்தான். அது சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யாராச்சும் எதனா சொன்னாங்களா?"

"யாருமே எதுவும் சொல்லல. அதனாலதான் கேக்கறேன்."

"ரெண்டாவது ஓல வாசிச்சதுக்கு அப்புறம் வந்த புதன்கிழமை, அவங்களே கம்பெனி கேட்டுக்கு வந்தாங்க. ஜெர்மனில வேல கெடச்சிருக்கு, போகணும்னு ஆசையா இருக்குன்னாங்க. அழுதாங்க. போய்ட்டு வாங்கன்னு சொன்னேன்."

"உங்களுக்கு வருத்தமா இருந்துச்சா?"

"இருந்துச்சு." அவன் யோசிக்கவே இல்லை. "அந்த ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போக வெக்கமா இருந்துச்சு. பாய் வந்தாரு. வாடா, சும்மா வூட்ல குந்திக்கினுன்னு சைக்கிள எடுக்க வச்சி, இந்த மலைக்குத்தான் கூட்டியாந்தாரு. அப்ப ஆரம்பிச்சதுதான் இதெல்லாம்."

"அப்ப இந்த மலையெல்லாம் அவங்களாலதான்."

"மொதல்ல அப்டித்தான். அப்புறம் மலையே புடிச்சிப்போச்சு."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் இந்த மனிதன். ஆக்னஸுக்கு வலித்தது. ஆனால் அவள் பயந்த மாதிரி வலிக்கவில்லை.

"என்ன எப்டிப் புடிச்சிது? அவ இல்லன்னா இவ, அப்டியா?"

"உன்ன மாதனூர் ரோட்ல பாத்தேன். எதிர்க்காத்து. கேரியர்ல பரிட்சப் பேப்பர் கட்டு. ஒரு பஸ்காரன் உன்ன ஒரசிக்கினு போனான். நீ பயந்து எறங்கலயே! மிதிச்ச மிதில அடுத்த ஸ்டாப்ல அவனப் புடிச்சி, டிரைவர எறக்கி வச்சி, அரை மணி நேரம் பாடம் எடுத்த."

"அஞ்சு நிமிஷம்."

"பஸ்ல இருந்தவங்களக் கேட்டா தெரியும்." அவன் முகத்தில் சிரிப்பு வந்து போனது. "ஜெபராணிய அம்மா பாத்தாங்க. நல்ல பொண்ணுன்னாங்க, நா சரின்னேன். உன்ன நா பாத்தேன் ஆக்னஸ். அம்மாகிட்டப் போய் நாந்தான் சொன்னேன். போதகர்கிட்டயும் நானே போனேன். அம்மா மூணு நாள் என்கிட்ட பேசல."

"அத்தைக்கு என்னப் புடிக்கலயா?"

"அதில்ல. இன்னொரு தடவ ஓல பாதில நின்னா ஊர் மொகத்துல முழிக்க முடியாதுன்னு பயம். எனக்கு அதவிட ஜாஸ்தி. மூணாவது ஓல அன்னிக்கு நா கண்ணே தொறக்கல, தெரியுமா?"

தெரியும். அந்த ஞாயிறு பெண்கள் பக்கத்திலிருந்து அவள் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடி, விரல்கள் வெளுக்க முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரொம்ப பக்திமான் போலிருக்கிறது என்று அக்காவிடம் கிசுகிசுத்ததுகூட நினைவிருந்தது.

"இத எட்டு மாசத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலயே. கேக்காதத நானா எடுத்துச் சொன்னா, மனசுல அவளே இருக்கான்னு நெனச்சிடுவியோன்னு விட்டுட்டேன்."

"நல்லா விட்டீங்க! பேர எழுதி, நேரா செகண்ட்னு போட்டு மேசை மேல வச்சிட்டீங்க. நா என்ன தோலா?"

"ஐயோ, அதையா சொல்ற!" தலையில் கை வைத்துக்கொண்டான். இப்போதுதான் அவனுக்கு மூன்று நாளும் விளங்கியது. "தோலா இருந்தா நல்லாருக்கும். இவ்ளோ பேசாது."

அவள் பாட்டிலைப் பிடுங்கித் தண்ணீர் குடித்தாள். மூச்சு அடங்கியிருந்தது. பாறைகளுக்கு நடுவே காற்று குளிர்ச்சியாக வந்தது.

"இங்கியே திரும்பிடலாமா?" என்றான். "இதுவரைக்கும் வந்ததே நல்ல ஏத்தந்தான்."

"டீக்கடை மேலதான இருக்கு?"

மீதி வளைவுகளில் இரண்டை மிதித்தாள், ஒன்றைத் தள்ளினாள். தள்ளியதை அவனும் பக்கத்தில் தள்ளினான். மேலே டீக்கடைக்கார அம்மாள் அவர்களையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்து, தெலுங்கில் ஏதோ கேட்டாள். அந்தப் பக்கத்துத் தெலுங்கு தேவானந்தத்துக்குக் கொஞ்சம் வரும். அவன் சொன்னதைக் கேட்டு அவள் கன்னத்தில் கை வைத்தாள். ஆக்னஸின் டம்ளரில் மட்டும் இன்னொரு கரண்டி சர்க்கரை விழுந்தது.

"என்ன சொன்னீங்க?"

"என் பொண்டாட்டி, மிதிச்சே வந்தான்னேன். தள்ளினத சொல்லல."

இறங்கும்போது அவளை முன்னால் போகச் சொன்னான். முன்னால் போகிறவரின் வேகம்தான் இரண்டு பேருக்கும் வேகம் என்றான். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அவன் சொன்னது சரியென்று தெரிந்துவிட்டது. கால் சும்மா இருக்க, கைதான் விட்டுப்போனது. விரல்கள் பிரேக்கிலேயே ஒட்டிக்கொண்டு மரத்தன. சமதரை வந்ததும் இறங்கி இரண்டு கையையும் உதறினாள். ஏலகிரியாக இருந்தால் உதற இடம் இருந்திருக்காது. அதை வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை.

"அடுத்த மாசம் ஆலங்காயம் போலாம்," என்றாள் பதிலாக. "நிழல் இருக்காமே."

"பஞ்சரானா கேக்க ஆளில்ல. அதையும் படிச்சல்ல?"

"படிச்சேன். ஆளத்தான் கூடவே கூட்டினு போறேனே."

விரல்களுக்கு உயிர் வந்திருந்தது. ஆக்னஸ் சைக்கிளில் ஏறி, அவனுக்குக் காத்திருக்காமல் பிரேக்கைத் தளர்த்தினாள். வளைவு வந்தது. உடம்பைச் சாய்த்துத் திரும்பினாள். பின்னால், அவள் வேகத்துக்கே, அவன் வருகிற சத்தம் கேட்டது.